எங்கள் வயலும் அந்த 378 லட்சம் டன்னும்

எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது மன்னார்குடி வட்டாரத்தில், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்றான மீத்தேனின் பெயரைச் சொன்னால் யாருக்கும் பருவநிலை மாற்றம் நினைவுக்கு வராது. போராட்டம்தான் நினைவுக்கு வரும். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டது, அதை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, 2013 டிசம்பர் கடைசியில் அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் இறந்துபோனது, 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். அதனால் போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் "நம்ம வயல்லேருந்தே மீத்தேன் வருதுப்பா" என்று நான் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "எவன்டா குழாய் எறக்குனான்?" என்றார்.

குழாய் யாரும் இறக்க வேண்டியதில்லை. நெற்பயிரே குழாய்தான். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் அடிச்சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே மக்கிக்கொண்டிருக்கும் தாள், தழை, வேர் எல்லாவற்றையும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனாக விடுகின்றன. பயிரின் வேரிலிருந்து தாள் வழியாக மேலே வரை உள்ளே பொந்து பொந்தாகக் காற்றறைகள் இருக்கும், வேருக்கு மூச்சு கொண்டுபோவதற்காக. அதே வழியில் மீத்தேன் ஏறி வெளியே வந்துவிடும், கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் இப்படித்தான் வெளியேறுகிறது. மீதி குமிழாக வரும். சம்பா வயலில் இறங்கி ஒரு காலை ஊன்றி எடுத்தால் கணுக்காலைச் சுற்றிப் பொளபொளவென்று குமிழ் வருமே, அது. சிறு வயதில் நாங்கள் அதை 'சேறு ஏப்பம் விடுது' என்போம். கூடவே வரும் அழுகல் வாடை மீத்தேனுடையது அல்ல, அதற்கு மணமே கிடையாது. வாடை கந்தகச் சமாச்சாரம்.

சரி, இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்றால், அலுவலகத்தில் ஒரு மதிய உணவு வேளையில் பேச்சு எங்கெங்கோ போய், கூட வேலை செய்யும் ஒருவர் "உலகச் சூட்டுக்கு உங்க ஊர் நெல்லும் மாடும்தான் காரணம், வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது" என்று போகிறபோக்கில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. ஏறிக்கொண்டே போகிறதா என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அப்புறம் சில வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய சண்டை. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்திய நெல்வயல்களிலிருந்து ஆண்டுக்கு 378 லட்சம் டன் மீத்தேன் வருவதாக ஒரு மதிப்பு சொன்னது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் எடுத்த அளவை, இந்தியாவில் இத்தனை கோடி ஹெக்டேர் நெல் இருக்கிறது என்று பெருக்கி வந்த எண் அது. இங்கே பாதிக்குப் பாதி மானாவாரி, பல இடங்களில் தண்ணீர் நிற்பதே சில வாரம்தான், மண்ணிலும் மக்கும் சத்து குறைவு என்பதெல்லாம் அந்தப் பெருக்கலில் இல்லை. ஏ. பி. மித்ரா என்ற இயற்பியலாளர், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர், 1991-இல் நாட்டின் பல பகுதிகளில் வயலுக்குள்ளேயே போய் அளக்க ஏற்பாடு செய்தார். முறை எளிமையானது. பயிரின் மேல் ஒரு கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு ஊசியில் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் மீத்தேன் எவ்வளவு என்று பார்ப்பது. வந்த விடை சுமார் 40 லட்சம் டன். 378 எங்கே, 40 எங்கே!

அதே 1991-இல் சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தில்லியிலிருந்து ஒரு கேள்வியை எழுப்பினார்கள். கஞ்சிக்கு நெல் விளைவிக்கிறவனின் வயலிலிருந்து வரும் வாயுவையும், பணக்கார நாட்டுக்காரன் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது எந்த ஊர் நியாயம் என்பது அதன் சாரம். பிழைப்புக்கான உமிழ்வு, சொகுசுக்கான உமிழ்வு என்று இரண்டாகப் பிரித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து இன்றும் பன்னாட்டுக் கூட்டங்களில் இந்தியா பேசும்போது இந்த வாதத்தின் வாசம் அடிக்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஐ.நா.வுக்கு இந்தியா கொடுத்த அறிக்கைகளில் நாட்டின் மொத்த மீத்தேன் 1994-இல் சுமார் 181 லட்சம் டன். 2000-இல் 194. 2007-இல் 206. 2016-இல் 195 வாக்கில். ஒவ்வொரு அறிக்கைக்கும் கணக்குப் போடும் முறை கொஞ்சம் மாறும், அதனால் இந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் இதே 22 ஆண்டில் இந்தியாவின் கரியமில வாயு ஏறக்குறைய 82 கோடி டன்னிலிருந்து 223 கோடி டன்னுக்குப் போயிருக்கிறது. அது மலை ஏறுகிறது, மீத்தேன் சமவெளியில் நடக்கிறது.

அரசாங்கம் தானே எழுதிக் கொடுத்த கணக்கை யார் நம்புவது என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கும் விடை இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அனிதா கணேசன் தலைமையில் ஒரு குழு, ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள், தரை நிலையங்கள், விமானம் என்று மூன்று வழியிலும் காற்றில் எடுத்த அளவுகளை வைத்து, தரையிலிருந்து எவ்வளவு கிளம்பியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டது. 2017-இல் வெளியான அந்த ஆய்வில் 2010 முதல் 2015 வரை இந்தியாவின் மீத்தேன் ஆண்டுக்குச் சராசரி 220 லட்சம் டன், குறிப்பிடும்படியான ஏற்றம் எதுவும் இல்லை. இந்தியா சொன்ன கணக்குக்கு அது நெருக்கமாகவே இருந்தது. மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து கூட்டினாலும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நெல்லால் அளவு ஏறி, பிறகு இறங்குவதுகூட அதில் தெரிகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், உலகக் காற்றில் மீத்தேன் 1999-லிருந்து 2006 வரை கிட்டத்தட்ட ஏறாமல் நின்று, 2007-இல் மறுபடியும் ஏறத் தொடங்கியது. தொழிற்புரட்சிக்கு முன்னால் நூறு கோடியில் 700 பங்கு அளவுக்கு இருந்தது, இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. இந்தப் புது ஏற்றத்துக்கு யார் காரணம் என்று தேடியவர்கள் வெப்பமண்டலத்தின் பக்கம் கை நீட்டும்போது இந்தியாவும் அந்தக் கையின் நேரே வரும். குறைந்தபட்சம் 2010 முதல் 2015 வரையிலான அந்த ஆறு ஆண்டுக்காவது அது நம் வேலை இல்லை.

ஒரே அளவில் விட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லையா என்றால், அங்கேதான் மீத்தேனின் குணம் வருகிறது. கரியமில வாயு கலிங்கு (மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வழி) இல்லாத ஏரி மாதிரி, விட்டதில் ஒரு நல்ல பங்கு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். மீத்தேன் கலிங்கு உள்ள ஏரி. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் காற்றிலேயே சிதைந்துவிடும். வரத்து ஒரே அளவில் இருந்தால் நீர்மட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், வரத்தைக் குறைத்தால் மட்டம் சீக்கிரம் இறங்கும். நிற்கிற வரைக்கும் அதன் சூடு பொல்லாதது, இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமிலத்தைப் போல 80 மடங்கு. அதனால்தான் குறைத்தால் பலன் உடனே தெரியும் என்று எல்லோரும் இதன் பின்னால் ஓடுகிறார்கள்.

சரி, இந்தியாவின் மீத்தேன் கோடு எப்படி ஏறாமல் நேராக நின்றது? யாரும் பிடித்து நிறுத்தவில்லை. உள்ளே ஒன்று இறங்க ஒன்று ஏறி, கூட்டல் சமமாகிவிட்டது. எங்கள் தெருவையே எடுத்துக்கொள்கிறேன்.

தாத்தா காலத்தில் வீட்டில் இரண்டு ஜோடி ஏர்மாடு, எல்லாம் உம்பளாச்சேரி. குட்டையான கால், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, முழங்கால் சேற்றிலும் சளைக்காமல் நடக்கும். பால் என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஒரு பசு மட்டும் வீட்டுக் காபிக்குக் கறக்கும். மாட்டு மீத்தேன் பின்பக்கம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். பெரும்பகுதி வாய் வழியாக, அசைபோடும்போது ஏப்பமாகத்தான் வருகிறது. நாட்டு மாடு ஒன்று ஆண்டுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு கிலோ மீத்தேன் விடும் என்பது பொதுவான கணக்கு. கறவை நிலையில் உள்ள கலப்பினப் பசு 40 கிலோவுக்கு மேல், எருமை 50 வாக்கில். அப்படியென்றால் தாத்தாவின் ஐந்து மாடும் சேர்ந்து 140 கிலோ. டிராக்டர் வந்ததும் ஏர்மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி ஜோடியை ஓட்டிப்போன அன்றைக்கு அப்பாயி சாப்பிடவில்லை. இன்று எங்கள் கொட்டகையில் நிற்பது ஒரே ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு, 40 சொச்சம் கிலோ. ஆக எங்கள் வீட்டு மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது, பாலோ பல மடங்கு கூடிவிட்டது. பெருமைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை, ஏனென்றால் அடுத்த வீட்டில் சித்தப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார், அவரிடம் எட்டு கலப்பினம். தெருவின் கூட்டுத்தொகை தாத்தா காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாடு முழுக்க இதுவேதான். 1992 கணக்கெடுப்பில் 20.5 கோடி மாடு, 2019-இல் 19.3 கோடி. எருமை 8.4 கோடியிலிருந்து 11 கோடி ஆனது. 2012-க்கும் 2019-க்கும் நடுவில் மட்டும் நாட்டு மாடு 6 சதவீதம் குறைய, கலப்பினம் 27 சதவீதம் கூடியது. பால் உற்பத்தி 1990-91-இல் 5.4 கோடி டன், 2016-17-இல் 16.5 கோடி டன், மூன்று மடங்கு. இந்தியாவின் மீத்தேனில் பாதிக்கு மேல் மாட்டு வயிற்றிலிருந்துதான் வருகிறது, அது உண்மை. ஆனால் ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அது தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் பருவநிலைக்காக இதைச் செய்யவில்லை. ஏர்மாட்டுக்குத் தீனி போட முடியவில்லை, பாலுக்குக் காசு வந்தது, அவ்வளவுதான். ஏப்பத்தைக் குறைக்கும் தீவனம் ஒன்றை வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தினர் செய்திருக்கிறார்கள், ஹரித் தாரா என்று பெயர், 17 முதல் 20 சதவீதம் குறையுமாம். சித்தப்பாவிடம் சொன்னேன். பால் கூடுமா என்றார்.

நெல்லின் கதை இன்னும் சுருக்கம். 1950-51-இல் நாட்டில் 3.1 கோடி ஹெக்டேர் நெல், தொண்ணூறுகளில் 4.3 கோடியை எட்டியது, அதன்பின் 2016 வரை பெரிதாக நகரவில்லை. விளைச்சல் ஏறியது விதையாலும் உரத்தாலும். 2016 கணக்கில் நெல்லின் பங்கு 34 லட்சம் டன் வாக்கில். மித்ரா அளந்த அந்த 40-க்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது.

குறைக்க வழி இல்லையா என்றால் இருக்கிறது, அதற்கு நம்மிடம் அழகான பெயரும் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீரை எந்நேரமும் தேக்காமல், மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்போது மறுபடி கட்டுவது. அடிச்சேற்றுக்குள் காற்று போனால் அந்த நுண்ணுயிர்களுக்கு வேலை ஓடாது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே அரையடி போனதும் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். சீனாவில் எண்பதுகளிலிருந்தே நடுப்பருவத்தில் வயலை வடியவிடும் பழக்கம் பரவி, அங்கே நெல்வயல் மீத்தேன் நன்றாகக் குறைந்தது.

ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வரப்பில் குந்தியபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். "வாய்க்கால்ல முறை வெச்சுல்ல விடுறான். வர்றப்ப கட்டலேன்னா அடுத்த முறைக்குள்ள காஞ்சு போயிடும். சம்பாவுல ஐப்பசி கார்த்திகை மழைய நீ நிறுத்துவியா? தண்ணி வடிய எங்க எடமிருக்கு? நின்ன தண்ணி இல்லேன்னா களை மண்டிடும், களையெடுக்க ஆள் எங்க?" எல்லாமே சரி. குறுவையில், சொந்த ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இது கைக்கு வரும் முறை. அவருக்கோ மின்சாரம் இலவசம், தண்ணீரை மிச்சம் பிடித்து என்ன லாபம்? போதாக்குறைக்கு யூரியா போட்ட வயலைக் காயவிட்டு நனைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும், அது கரியமிலத்தைப் போல 270 மடங்கு சூடு பிடிப்பது. அளவோடு காயவிட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத் துண்டறிக்கையில் எழுத எளிது. என்னைக் கேட்டால் புழுதியில் நேரடியாக விதைக்கும் பழைய முறைக்கு மானியம் கொடுத்தால் இதைவிடச் சீக்கிரம் பலிக்கும், களைக்கு வழி சொன்னால்.

இதுவரை சொன்னதெல்லாம் நேராகப் போகும் கோடு. ஏறுகிற கோடு வேறு இடத்தில் இருக்கிறது, அதை நான் தினமும் மூக்கால் அறிகிறேன். சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்திலிருந்து குப்பைக்கிடங்கு ஒன்று ரொம்ப தூரமில்லை. காற்று திரும்பினால் சன்னலைச் சாத்திவிடுவோம். 1951-இல் இந்திய நகரங்களில் இருந்தவர்கள் 6 கோடி, 2011-இல் 38 கோடி. இத்தனை பேரின் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு மலையாகக் குவிக்கப்படுகிறது. உள்ளே காற்றில்லை, ஈரம் உண்டு, சூடு உண்டு. நெல்வயலின் அடிச்சேறு மாதிரியே, ஆனால் பல மாடி உயரத்துக்கு. வெயில் காலத்தில் இந்த வாயு தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் எரிந்தது, அதே கோடையில் தில்லி காசிப்பூரில், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் நாள்கணக்கில். 2022-இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வொன்று தில்லி, மும்பை, லாகூர், புவெனஸ் ஐரிஸ் நான்கையும் பார்த்துவிட்டு, நகரங்களின் மீத்தேன் வழக்கமான பட்டியல்களில் உள்ளதைப் போல 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருப்பதாகச் சொன்னது. மும்பையில் ஒரே ஒரு கிடங்கிலிருந்து மணிக்குப் பத்து டன் அளவில்! அந்த ஒரு மணி நேரத்து அளவை வெளியேற்ற எங்கள் வீட்டு ஜெர்சி இருநூறு ஆண்டுக்கு மேல் அசைபோட வேண்டும். இந்தியாவின் 2016 கணக்கில் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து மீத்தேனில் 14 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறது. அந்த எண்ணில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

2021-இல் கிளாஸ்கோவில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து, 2030-க்குள் உலக மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்போம் என்று ஓர் உறுதிமொழி கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியா போடவில்லை, சீனாவும் போடவில்லை. சிறு விவசாயியின் மாட்டையும் நெல்லையும் தொட முடியாது என்பது நம் பக்கத்து நியாயம். அப்பாவையும் சித்தப்பாவையும் நினைத்தால் எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மீந்த சாம்பாரை நான் முடிச்சுப் போட்டு வீசுவது எந்த விதத்தில் பிழைப்புக்கான உமிழ்வு? உழவனை முன்னால் நிறுத்திவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நகரம் ஒளிந்துகொள்கிறது என்றுதான் படுகிறது. ஈரக்குப்பையைத் தனியே எடுத்தாலே அங்கே பாதிக் கதை முடிந்துவிடும். எங்கள் அடுக்ககத்தில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டும் இருக்கின்றன, காலையில் வரும் ஒரே வண்டியில் இரண்டையும் கொட்டுகிறார்கள். இது பற்றி நலச்சங்கக் கூட்டத்தில் பேசி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிப் பதிவுக்கு ஆகும்.

தீபாவளிக்கு மறுநாள் கொல்லைப்பக்கம் போனேன். எண்பதுகளில் தாத்தா கட்டிய சாண எரிவாயுக் குழி அங்கே இன்னும் இருக்கிறது. அரசாங்க மானியம், மேலே ஏறி இறங்கும் இரும்பு டிரம், சமையலறைக்கு ஒரு கறுப்புக் குழாய். அப்பாயி அதில்தான் பால் காய்ச்சுவார், நீலத் தழல். ஏர்மாடு போனதும் சாணம் பற்றவில்லை, சிலிண்டரும் வந்துவிட்டது, டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. இப்போது குழியில் மழைத்தண்ணீரும் பாசியும். அம்மா வாழையிலை, மிச்சம் மீதியெல்லாம் அதில்தான் போடுகிறார். ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் கிளறினேன். சின்னச் சின்னதாக, பிறகு கும்பலாக, குமிழ் வந்தது. பின்னால் நின்ற அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் சேத்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.